பழுதுபார்க்கும் முன் பார்க்க வேண்டியவை: வட்டின் அடிமட்டத்தில் கோப்பு முறைமை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள ஒரு ஸ்ரூடியோவில் கெமராவின் மெமரி கார்ட் திறக்காமற் போனால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். கார்டைக் கணினியில் செருகுவார்கள். இதில் ஏதோ கோளாறு இருக்கிறது, சரிபார்த்துத் திருத்தட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். ஆம் என்று அழுத்துவார்கள். சில நிமிடங்களில் கார்ட் திறந்துகொள்ளும். ஆனால் கல்யாண வீட்டில் எடுத்த படங்களில் பாதியைக் காணக் கிடைக்காது. அவற்றுக்குப் பதிலாக, புதிதாக முளைத்த ஒரு கோப்புறைக்குள் இலக்கமிட்ட அநாமதேயக் கோப்புகள் சில கிடக்கும். கார்ட் சரியாகிவிட்டது என்று கணினி சொல்வதும் பொய்யில்லை, படங்கள் போய்விட்டன என்று ஸ்ரூடியோக்காரர் சொல்வதும் பொய்யில்லை.

விண்டோஸின் செக்டிஸ்க், லினக்ஸின் எஃப்எஸ்சிகே ஆகிய பழுதுபார்க்கும் நிரல்கள் எந்த வேலைக்காக எழுதப்பட்டன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வருகின்ற குழப்பம் இது. வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமையின் உட்கணக்குகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க வேண்டும், அப்படியிருந்தால்தான் இயக்க முறைமை அதன்மீது அச்சமின்றி எழுத முடியும் என்பதே அந்த நிரல்களின் ஒரே அக்கறை. கச்சேரியில் காணிப் பதிவேட்டைச் சரிபார்க்கும் எழுதுநர், ஒரே காணி இரண்டு பேர் பெயரில் இருக்கக் கூடாது, எல்லை தெரியாத காணி இருக்கக் கூடாது என்ற விதிகளை வைத்துக்கொண்டு முரண்படும் பதிவுகளை வெட்டிவிட்டால், மாலைக்குள் பதிவேடு சுத்தமாகிவிடும். ஆனால் அவர் படுவான்கரைக்குப் போய் அந்தக் காணியில் யார் வேளாண்மை செய்கிறார்கள் என்று பார்த்திருக்க மாட்டார். பழுதுபார்க்கும் நிரலும் அப்படித்தான். அது பதிவேட்டைப் பார்க்கிறது, வயலைப் பார்ப்பதில்லை. ஆகவே தரவு முக்கியமானதாக இருந்தால், அந்த நிரலுக்கு எழுத அனுமதி கொடுப்பதற்கு முன்னர், வட்டில் உண்மையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவர் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்குத் தேவைப்படும் அறிவு, பலரும் நினைப்பதைப் போல எட்டாத உயரத்தில் இல்லை. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் முறைகளைப் படித்த ஒருவரால் ஒரு வார இறுதியில் பழகிக்கொள்ளக்கூடியதுதான்.

இயக்க முறைமை நமக்குக் காட்டும் கோப்புறைகள், பெயர்கள், சின்னப் படங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், வட்டு என்பது இலக்கமிடப்பட்ட செக்டர்களின் ஒற்றை வரிசை. ஒவ்வொன்றும் வழமையாக 512 பைட். ஹெக்ஸ் எடிட்டர் என்ற நிரல் இந்த வரிசையை அப்படியே திரையில் காட்டும். இடப்பக்கம் முகவரியும் நடுவில் பைட்டுகளும் வலப்பக்கம் எழுத்தாக வாசிக்கக்கூடியவையும் இருக்கும். பைட்டுகளை அது பதினறும எண்களாகக் காட்டும். இங்கே வாசிப்பு வசதிக்காகத் தசமத்தில் தருகிறேன்.

கெமராக் கார்டுகளில் 32 ஜிகாபைட் வரையானவை பொதுவாக ஃபாட்32 முறைமையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபாட் முறைமையிலும் இருக்கும். ஃபாட்32 பழையது, எளியது, ஒளிவுமறைவு அற்றது என்பதால் பழகுவதற்கு அதைவிட நல்லதொன்று கிடையாது. அதன் முதல் செக்டர் துவக்கச் செக்டர். அதன் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருக்க வேண்டும். கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அலகான கிளஸ்டர் ஒன்றில் எத்தனை செக்டர், ஒதுக்கீட்டு அட்டவணை எங்கே தொடங்குகிறது, அது எவ்வளவு நீளம் என்ற அடிப்படைக் கணக்குகள் அந்தச் செக்டரில்தான் உள்ளன. அது கெட்டுப்போனால் கார்ட் முழுவதும் வெறுமையாகத் தோன்றும், ஆனால் அதன் பிரதியொன்று 6ஆவது செக்டரில் வழமையாக வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பிரதியை எடுத்து முதல் செக்டரில் எழுதுவது மட்டுமே போதுமான சிகிச்சையாக அமைந்துவிடும் வேளைகள் உண்டு. அதையடுத்து ஒதுக்கீட்டு அட்டவணை இரண்டு பிரதிகளாக வரும். ஒரு கோப்பு எந்தக் கிளஸ்டரிலிருந்து எந்தக் கிளஸ்டருக்குத் தொடர்கிறது என்ற சங்கிலி அதில் இருக்கிறது. பின்னர் தரவுப் பகுதி. கோப்புறைகளும் தரவுப் பகுதிக்குள்ளேயே, கோப்புகளைப் போலவே கிடக்கின்றன. ஒரு கோப்புறை என்பது 32 பைட் நீளமான பதிவுகளின் பட்டியல், அவ்வளவுதான்.

அந்த 32 பைட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பைட்டுகளைப் பூச்சியத்திலிருந்து எண்ணினால், முதல் 11 பைட்டுகளில் பெயரும் வகைப்பெயரும், அடுத்ததில் பண்பு. 20ஆம் 21ஆம் பைட்டுகளில் கோப்பின் முதல் கிளஸ்டர் எண்ணின் மேற்பாதி, 26ஆம் 27ஆம் பைட்டுகளில் அதன் கீழ்ப்பாதி. 28 முதல் 31 வரை கோப்பின் அளவு. எண்கள் எல்லாம் சிறிய பைட் முதலில் வருமாறு எழுதப்படும். ஒரு படத்தின் பதிவில் மேற்பாதி 3, 0 என்றும் கீழ்ப்பாதி 64, 31 என்றும் இருப்பதாகக் கொள்வோம். கீழ்ப்பாதி 64 உடன் 31 தர 256 சேர்ந்து 8,000. மேற்பாதி 3 தர 65,536 என்பதால் 1,96,608. ஆகவே படம் தொடங்குவது 2,04,608ஆவது கிளஸ்டரில். அளவு 17, 132, 91, 0 என்று இருந்தால் அது 59,97,585 பைட். கிளஸ்டர் ஒன்று 32,768 பைட் என்றால் இந்தப் படத்துக்கு 184 கிளஸ்டர்கள் வேண்டும். தரவுப் பகுதி கார்டின் 24,576ஆவது செக்டரில் தொடங்குகிறது என்றால், கிளஸ்டர்களின் இலக்கம் 2இலிருந்து தொடங்குவதால் முதலில் இரண்டைக் கழித்து, ஒரு கிளஸ்டரில் 64 செக்டர் என்பதால் 64 ஆல் பெருக்கி, 24,576ஐக் கூட்ட வேண்டும். விடை 1,31,19,360. அந்தச் செக்டருக்குத் தாவினால் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகள் முதலில் நிற்க வேண்டும். ஜேபெக் படங்கள் அப்படித்தான் தொடங்கும். நின்றால், நமது கணக்கும் சரி, படமும் இருக்கிறது.

இப்போது அந்தப் படத்தை யாரோ தவறுதலாக அழித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபாட் முறைமையில் அழிப்பது என்பது மிகச் சிறிய வேலை. பதிவின் முதல் பைட் 229 என்று மாற்றப்படும். அட்டவணையில் அந்தச் சங்கிலியின் கண்ணிகள் பூச்சியமாக்கப்படும். படத்தின் 59 இலட்சம் பைட்டுகளில் ஒன்றைக்கூட யாரும் தொடுவதில்லை. சங்கிலி போய்விட்டாலும், தொடக்கக் கிளஸ்டரும் அளவும் பதிவிலேயே எஞ்சியிருப்பதால், கெமரா படத்தை அடுத்தடுத்த கிளஸ்டர்களில் எழுதியிருக்கும் என்ற நியாயமான ஊகத்தோடு 184 கிளஸ்டர்களையும் வரிசையாக வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபாட்32இல் கோப்பை அழிக்கும்போது விண்டோஸின் பல பதிப்புகள் தொடக்கக் கிளஸ்டரின் மேற்பாதியையும் பூச்சியமாக்கிவிடுகின்றன. அப்போது நம்முடைய பதிவு 8,000ஆவது கிளஸ்டரைக் காட்டும். அங்கே இருப்பது வேறு யாருடைய படமாகவோ, ஒரு காணொளியின் நடுப்பகுதியாகவோ இருக்கும். மீட்பு நிரல்கள் சில இதைச் சிந்திக்காமல் அந்தத் தவறான இடத்திலிருந்து வெட்டியெடுத்து, சரியான பெயரும் சரியான அளவும் கொண்ட, ஆனால் திறக்காத கோப்பைக் கையில் கொடுத்துவிடும். பயனாளர் படம் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவார். பதிவை வாசிக்கத் தெரிந்தவருக்கோ இது ஒரு சின்னக் கணக்கு. 32 ஜிகாபைட் கார்டில் 32,768 பைட் கிளஸ்டர்கள் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும் என்பதால், மேற்பாதிக்கு வரக்கூடிய பெறுமானங்கள் 0 முதல் 14 வரைதான். பதினைந்து இடங்களைப் போய்ப் பார்த்து, எங்கே 255, 216, 255 நிற்கிறது என்று கண்டுகொள்ளலாம். பக்கத்துப் படங்களின் மேற்பாதி 3 என்றிருந்தால் பதினைந்தும் வேண்டாம், முதல் பார்வையிலேயே முடிந்துவிடும்.

கார்டை விரைவு முறையில் போர்மற் செய்துவிட்டாலும் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஒதுக்கீட்டு அட்டவணையும் வேர்க் கோப்புறையும் வெறுமையாக்கப்படும். ஆனால் கெமரா தன் படங்களை வைத்திருந்த உட்கோப்புறை தரவுப் பகுதியில் பழையபடியே கிடக்கும், அதன் பதிவுகளில் 229 என்ற குறிகூட இருக்காது. ஒவ்வொரு உட்கோப்புறையும் ஒரு புள்ளியை மட்டும் பெயராகக் கொண்ட பதிவுடனும், இரண்டு புள்ளிகளைப் பெயராகக் கொண்ட பதிவுடனும் தொடங்கும் என்பதால், செக்டரின் முதல் பைட் 46 ஆகவும் அடுத்த பத்துப் பைட்டுகள் இடைவெளியைக் குறிக்கும் 32 ஆகவும் இருக்கும் இடங்களைத் தேடினால் போதும். முதற்பதிவு அந்தக் கோப்புறையின் சொந்தக் கிளஸ்டர் எண்ணையே சொல்கிறது. ஆகவே அட்டவணை அழிந்தபின்னும் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. 32,768 பைட் கிளஸ்டர் ஒன்றில் 1,024 பதிவுகள் அடங்கும். ஒரு கல்யாணத்தின் படங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கோப்புறைக் கிளஸ்டர்களுக்குள் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் ஸ்ரூடியோவில் நடந்ததற்கு விடை கிடைக்கிறது. கோப்புறைக் கிளஸ்டரில் ஒரு பகுதி கெட்டுப்போனால், அதிலுள்ள பதிவுகள் விதிக்குப் பொருந்தாதவை என்று பழுதுபார்க்கும் நிரல் அவற்றை நீக்கிவிடும். நீக்கியதும் அந்தப் படங்களின் சங்கிலிகள் உரிமையாளர் இல்லாத சங்கிலிகளாகும். அவற்றை அது இலக்கமிட்ட கோப்புகளாக்கித் தனிக் கோப்புறையில் போடும், அல்லது வெற்றிடம் என்று அறிவித்துவிடும். இலக்கமிட்ட அந்தக் கோப்புகளில் பல முழுமையான படங்களே. வகைப்பெயரை மாற்றினால் திறக்கும். வெற்றிடமாக அறிவிக்கப்பட்டவையும் அந்தக் கணத்தில் போய்விடுவதில்லை. கார்ட் சரியாகிவிட்டதே என்ற தைரியத்தில் அடுத்த நாள் வேறொரு வீட்டுக்குப் போய் அதே கார்டில் எடுக்கும் படங்கள்தான் அவற்றின்மேல் எழுதப்படுகின்றன. உண்மையான இழப்பு அங்கேதான் நிகழ்கிறது.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கையேடுகள் இதைப் பற்றி நமக்கு உதவுவதில்லை. தமிழில் பெயரிட்ட கோப்போ கோப்புறையோ ஃபாட்32இல் இருந்தால், அதன் முழுப் பெயர் நீண்ட பெயர்ப் பதிவு என்ற தனியான 32 பைட் பதிவுகளில், குறும்பெயர்ப் பதிவுக்கு முன்னால், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றையும் இரண்டு பைட்டாக எழுதும் யூடிஎஃப்-16 குறிமுறையில் இருக்கும். ஒரு பதிவில் 13 குறியீடுகள். அவை ஐந்து, ஆறு, இரண்டு என மூன்று துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். மட்டக்களப்பு என்று ஒரு கோப்புறைக்குப் பெயரிட்டால் மெய்ப்புள்ளிகளும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் 12 குறியீடுகள். முடிவுக் குறியோடு சேர்த்து ஒரு பதிவு கச்சிதமாக நிரம்பிவிடும். ஹெக்ஸ் எடிட்டரில் அது 174, 11, 159, 11, 205, 11, 159, 11, 149, 11 என்று தொடங்கும். இதில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 11தான் தமிழின் அடையாளம். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதியின் மேல் பைட் அது. வலப்பக்க எழுத்துப் பகுதியில் எதுவும் வாசிக்க முடியாத குப்பையாகத் தெரியும் என்பதால், தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்புறையைக் கெட்டுப்போனது என்று கடந்துபோய்விட வாய்ப்புண்டு. இந்தப் பதிவுகளுக்கு இன்னொரு நன்மையும் இருக்கிறது: அழிக்கும்போது 229 விழுவது பெயரின் முதலெழுத்தின்மீது அல்ல, பதிவின் வரிசை எண்ணின்மீதுதான். ஆங்கிலக் குறும்பெயர் தன் முதலெழுத்தை இழந்து நிற்க, தமிழ்ப் பெயர் முழுதாகத் தப்பிவிடுகிறது.

கோப்பின் பெயரே தெரியாமல், உள்ளடக்கத்தில் ஒரு சொல்லை வைத்து வட்டு முழுவதையும் தேட நேரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. நம் பகுதி அலுவலகங்களிலும் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் பல்லாண்டுகளாகத் தட்டச்சுச் செய்யப்பட்ட ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் உள்ளவை. பாமினியில் மட்டக்களப்பு என்ற சொல் வட்டில் தமிழாக இருப்பதே இல்லை. கே, எல், அரைப்புள்ளி, எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், எஸ், ஜி, அரைப்புள்ளி, பெரிய ஜி என்ற 11 ஆங்கிலக் குறிகளாகவே இருக்கும். அதே சொல் யூடிஎஃப்-16இல் 24 பைட், யூடிஎஃப்-8இல் 36 பைட். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 224இல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 வரும். ஆகவே ஒரு பெயரையோ ஊரையோ தேடுபவர் ஒரே சொல்லை மூன்று உருவங்களில் தேட வேண்டும். புதிய வேர்ட் கோப்புகளில் மூன்றுமே பயன்படாது, ஏனெனில் அவற்றின் உள்ளடக்கம் சுருக்கப்பட்ட நிலையில் சேமிக்கப்படுகிறது. பழைய வேர்ட் கோப்புகளில் பாமினிச் சொற்கள் அநேகமாக அப்படியே வாசிக்கக் கிடைக்கும். பழைய ஆவணம் புதிய ஆவணத்தைவிட மீட்பதற்கு எளிதாக இருப்பது விசித்திரம்தான்.

இத்தகைய வேலைக்கான கருவிகள் கணினி அளவுக்கே பழையவை. விண்டோஸுக்கு முந்தைய டொஸ் காலத்தில் இயக்க முறைமையோடு வந்த டிபக் என்ற சிறு நிரலே செக்டரை நினைவகத்துக்கு ஏற்றவும், மாற்றி, திரும்ப எழுதவும் வல்லதாக இருந்தது. பீற்றர் நோர்ட்டன் 1982இல் வெளியிட்ட நோர்ட்டன் யுட்டிலிட்டீஸ், அழிந்த கோப்பை மீட்கும் வேலையைச் சாதாரணப் பயனாளருக்கும் கொண்டுவந்து, அவருக்குப் பெரும் பெயரையும் ஈட்டித் தந்தது. யுனிக்ஸில் எஃப்எஸ்டிபி என்ற கருவி இருந்தது. லினக்ஸில் 1993இல் றெமி கார்ட் உள்ளிட்டோர் உருவாக்கிய எக்ஸ்ட்2 முறைமைக்காகத் தியோடர் ட்சோ எழுதிய டிபக்எஃப்எஸ், இன்று எக்ஸ்ட்4 வரை தொடர்ந்து பயன்படுகிறது.

டிபக்எஃப்எஸ்ஸும் ஹெக்ஸ் எடிட்டரும் ஒன்றல்ல. ஹெக்ஸ் எடிட்டருக்குப் பைட்டுகள் மட்டுமே தெரியும். டிபக்எஃப்எஸ்ஸுக்கு அந்தப் பைட்டுகள் எந்தக் கட்டமைப்பின் உறுப்புகள் என்பது தெரியும். எக்ஸ்ட் குடும்பத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்ற பதிவு இருக்கிறது. உரிமையாளர், அளவு, நேரங்கள், தரவு கிடக்கும் தொகுதிகள் (ஃபாட்டின் கிளஸ்டர் போன்றவை) எல்லாம் அதில் உண்டு, பெயரைத் தவிர. பெயர் கோப்புறையில் மட்டுமே இருக்கிறது. கோப்புறை சிதைந்தபின் எஃப்எஸ்சிகே மீட்டுத் தரும் கோப்புகள் பெயரில்லாமல் இலக்கத்தோடு மட்டும் வந்து விழுவதற்குக் காரணம் இதுதான். எழுத அனுமதி கேட்காமல் திறந்தால் டிபக்எஃப்எஸ் வாசிக்க மட்டுமே செய்யும்; இந்த இயல்புநிலைக்காகவே அதைப் புதியவர்களுக்குத் துணிந்து பரிந்துரைக்கலாம்.

அதன் பயன்களில் நான் மிக அதிகம் மதிப்பது மீட்பு அல்ல, அடையாளம் காண்பது. அலுவலகச் சேர்வர் ஒன்றின் வன்தட்டில் 73,43,104ஆவது செக்டரை வாசிக்க முடியவில்லை என்று லினக்ஸ் அறிவிக்கிறது என்போம். இந்தச் செய்தி வந்ததும் வன்தட்டு போச்சு என்று கைவிடுபவர்களும் உண்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்பவர்களும் உண்டு. வட்டில் முறைமை அமைந்திருக்கும் பிரிவு (பார்ட்டிஷன்) 2,048ஆவது செக்டரில் தொடங்குகிறது என்றால் அதைக் கழித்து, 4,096 பைட் தொகுதிக்கு எட்டுச் செக்டர் என்பதால் எட்டால் வகுத்தால், 9,17,632ஆவது தொகுதி கிடைக்கும். இந்தத் தொகுதி எந்த ஐநோட்டுக்கு உரியது என்று டிபக்எஃப்எஸ்ஸில் ஐசெக் என்ற கட்டளையாலும், அந்த ஐநோட்டின் பெயர் என்ன என்று என்செக் என்ற கட்டளையாலும் கேட்கலாம். விடை உலாவியின் தற்காலிகக் கோப்பாக இருந்தால் அதை அழித்துவிட்டுப் புதிய வன்தட்டுக்கு நிதானமாக மாறலாம். கடன் கணக்குகளின் தரவுத்தளமாக இருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் திரையில் வந்த எச்சரிக்கை ஒன்றுதான்.

மின்சாரம் திடீரென நின்றுபோவது எக்ஸ்ட்4 போன்ற முறைமைகளை என்ன செய்கிறது என்பதை 2022 நமக்கு விரிவாகக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்தது. இன்றைய முறைமைகள் ஜேர்னல் என்ற குறிப்பேட்டில் மாற்றங்களை முதலில் எழுதிவிட்டே உரிய இடத்தில் எழுதுவதால், இடையில் மின்சாரம் போனாலும் அடுத்த முறை ஏற்றும்போது (பயன்பாட்டுக்குத் திறக்கும்போது) குறிப்பேட்டைப் பார்த்துக் கணக்கை நேராக்கிக்கொள்ளும். ஆனால் எக்ஸ்ட்4இன் வழமையான அமைப்பில் குறிப்பேட்டுக்குள் போவது கட்டமைப்புத் தகவல் மட்டுமே. கோப்பின் உள்ளடக்கம் போவதில்லை. ஆகவே மின்வெட்டுக்குப் பின் முறைமை ஒரு குறையுமின்றி எழுந்து நிற்க, தட்டச்சுச் செய்துகொண்டிருந்த கோப்பு மட்டும் வெறுமையாக இருப்பதில் முரண் எதுவுமில்லை. பதிவேட்டின் ஒழுங்குதான் இங்கேயும் காப்பாற்றப்பட்டது.

எக்ஸ்ட் முறைமையின் தலைமைப் பதிவான சூப்பர் பிளாக், பிரிவின் தொடக்கத்திலிருந்து 1,024ஆவது பைட்டில் இருக்கும். அதற்குள் 56ஆவது பைட்டில் தொடங்கி 83, 239 என்ற அடையாளம் நிற்கும். அது கெட்டால் முறைமை ஏற மறுக்கும். அதன் பிரதிகள், 4,096 பைட் தொகுதிகள் உள்ள பிரிவில் 32,768ஆவது தொகுதியிலும் 98,304ஆவது தொகுதியிலும் இன்னும் பல இடங்களிலும் இருக்கின்றன; டிபக்எஃப்எஸ்ஸையும் எஃப்எஸ்சிகேயையும் அந்தப் பிரதியைக் கொண்டு தொடங்கச் சொல்லலாம். அழித்த கோப்பை மீட்பதில் மட்டும் எக்ஸ்ட்2 தாராளமாக இருந்த அளவுக்கு அதன் வாரிசுகள் இல்லை. எக்ஸ்ட்2இல் அழித்த ஐநோட்டில் தொகுதி எண்கள் எஞ்சியிருந்தன. எக்ஸ்ட்3 முதல் அவையும் துடைக்கப்படுகின்றன. அதன்பின் எஞ்சும் வழி, ஜேர்னலுக்குள் அந்த ஐநோட்டின் பழைய பிரதி இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான், அதுவும் புதிய மாற்றங்கள் அதை மேவி எழுதும் முன்னர்.

பார்ப்பதிலிருந்து எழுதுவதற்குத் தாண்டும்போது விதிகள் கடுமையாகின்றன. எந்தத் திருத்தமும் முழுவட்டுப் பிரதியின்மீது மட்டுமே செய்யப்பட வேண்டும். வாசிக்க முடியாத செக்டர்கள் இருக்கும் வட்டை, சாதாரண நகலெடுப்பு நிரல்களைவிட டிடிரெஸ்கியூ என்ற நிரல் நன்றாகக் கையாளும். எளிதாக வாசிக்கக்கூடியவற்றை முதலில் எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து, எதை எடுத்தோம் எதை விட்டோம் என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளும். ஏற்றப்பட்டிருக்கும் முறைமையில் ஹெக்ஸ் எடிட்டரால் எழுதுவது வீண் மட்டுமல்ல, ஆபத்து; இயக்க முறைமை தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பழைய உருவைச் சற்று நேரத்தில் வட்டில் எழுதி, நமது திருத்தத்தையும் அழித்து, இரண்டும் கலந்த ஒரு குளறுபடியையும் விட்டுச்செல்லும். ஜேர்னலில் முடியாத வேலை இருக்கும் முறைமையைத் திருத்தினாலும் இதேதான்: அடுத்த முறை ஏற்றும்போது ஜேர்னல் தன் பழைய உருவை நமது திருத்தத்தின்மேல் எழுதும்.

புதிய முறைமைகள், பைட்டுகள் மாறினால் காட்டிக்கொடுப்பதற்காக அவற்றிலிருந்தே கணக்கிடப்படும் சரிபார்ப்புத் தொகை என்ற எண்ணை வைத்திருக்கின்றன. எக்ஸ்ட்4இல் 2016இல் வந்த கருவித் தொகுப்பு முதல் கட்டமைப்புத் தகவல்களுக்கு இது இயல்பாகவே இடப்படுகிறது; ஒரு பைட்டை ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றினால் தொகை பொருந்தாமல் போய், சரியான திருத்தமே சிதைவு என்று நிராகரிக்கப்படும். டிபக்எஃப்எஸ்ஸின் கட்டளைகளால் மாற்றினால் தொகையை அதுவே மீளக் கணக்கிட்டுவிடும். எக்ஸ்ஃபாட்டில் துவக்கப் பகுதி முழுவதற்குமான தொகை 11ஆவது செக்டரில் இருக்கிறது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் வேறு விதமான தந்திரம்: கோப்புப் பதிவு 1,024 பைட் என்றால், அதிலுள்ள இரண்டு செக்டர்களின் கடைசி இரண்டு பைட்டுகளும் எடுக்கப்பட்டு பதிவின் தலைப்பகுதியில் வைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் ஒரு சரிபார்ப்பு எண் போடப்பட்டிருக்கும். இதை அறியாமல் செக்டர் முடிவில் இருக்கும் பைட்டுகளைத் தரவு என்று நம்பி வாசிப்பவர், எவ்வளவு நேரம் விழித்திருந்தாலும் கணக்கு உதைக்கும்.

சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி வட்டுகளில் இந்தக் கலையின் பெரும்பகுதி செயலிழந்துவிடுகிறது. கோப்பு அழிந்ததும் இயக்க முறைமை டிரிம் என்ற கட்டளையால் அந்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. பெரும்பாலான எஸ்எஸ்டிகளில் அதன்பின் அந்தச் செக்டர்களை வாசித்தால் பூச்சியங்களே வரும். வன்தட்டில் வாரங்கள் கழிந்தும் கிடைத்தது, எஸ்எஸ்டியில் சில நிமிடங்களிலேயே இல்லாமற் போகலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பழைய வன்தட்டுகளை விரைவு போர்மற் செய்துவிட்டு விற்பவர்கள், தங்கள் குடும்பப் படங்களையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் சேர்த்தே விற்கிறார்கள். ஊர் சிறியது, வாங்குபவர் தெரிந்தவராகவும் இருக்கலாம். கடைசிச் செக்டர் வரை பூச்சியத்தால் ஒருமுறை நிரப்புவது போதும். ஏழு தடவை நிரப்ப வேண்டும் என்ற அறிவுரை இன்றைய வன்தட்டுகளுக்குப் பொருந்தாது. மீட்பு வேலை செய்பவருக்கும் இதே காரணத்தால் ஒரு கட்டுப்பாடு தேவைப்படுகிறது. கேட்ட படத்தைத் தேடும் வழியில் கேட்காதவை எல்லாம் திரையில் வந்து நிற்கும். அவற்றைப் பிரதியெடுக்காமல் கடந்துபோவது தொழிலின் ஒரு பகுதி.

பழகுவதற்கு உண்மையான வட்டு எதுவும் வேண்டியதில்லை. 64 மெகாபைட் அளவில் பூச்சியங்கள் நிரம்பிய ஒரு சாதாரணக் கோப்பை உருவாக்கி, அதற்குள் எக்ஸ்ட்4 முறைமையை எழுதி, டிபக்எஃப்எஸ்ஸால் திறந்தால், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ விடுதியில் இருக்கும் மாணவர் எந்தத் தரவையும் பணயம் வைக்காமல் இவை எல்லாவற்றையும் செய்து பார்க்கலாம். இதற்கு நிர்வாகி அனுமதிகூடத் தேவையில்லை. 2ஆவது ஐநோட்டை வாசித்தால் அது வேர்க் கோப்புறை. அதில் தொடங்கி ஒரு கோப்பின் பெயரிலிருந்து அதன் ஐநோட்டுக்கும், ஐநோட்டிலிருந்து அதன் தொகுதிக்கும், தொகுதியிலிருந்து ஹெக்ஸ் எடிட்டரில் அதே பைட்டுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டால் அடிப்படை கைவந்துவிட்டது. எழுத வேண்டிய கட்டம் வரும்போது, டிபக்எஃப்எஸ்ஸை மீள்பதிவுக் கோப்பு ஒன்றின் பெயரையும் கொடுத்துத் திறக்கலாம். அது ஒவ்வொரு தொகுதியையும் மாற்றும் முன்னர் பழைய உள்ளடக்கத்தை அந்தக் கோப்பில் சேமித்துக்கொள்ளும், பின்னர் ஈ2அன்டூ என்ற துணைக்கருவி அதைக் கொண்டு முறைமையைப் பழைய நிலைக்கு அப்படியே திருப்பிவிடும். அந்தக் கோப்பை மட்டும், திருத்திக்கொண்டிருக்கும் அதே முறைமைக்குள் வைக்கக் கூடாது.